கல்லும் கறையும் ஒளியும்: கலைப்பொருள் தூய்மைப் பணியில் லேசர் – ஓர் ஆய்வு

முன்னுரை

அழுக்கைக் குறிக்கத் தமிழுக்கு ஒரு சொல் போதவில்லை. துணியில் சேர்வது அழுக்கு. உள்ளூறிப் பற்றிக்கொள்வது கறை. செம்பில் பூப்பது களிம்பு. இரும்பைத் தின்பது துரு. ஈரச் சுவரில் படர்வது பாசி. அடுப்படிக் கூரையில் தொங்குவது ஒட்டறை. இவை அனைத்தையும் மாசு என்னும் பொதுச்சொல்லில் அடக்கிவிடலாம். எனினும் ஒவ்வொன்றையும் நீக்கும் முறை வேறு என்பதை நம் இல்லத்து மூதாட்டியர் நன்கறிவர். களிம்பேறிய செம்புக்குப் புளி இடுவர். அதே புளியைத் துணியின் கறைக்கு இடமாட்டார்.

வீட்டுச் செம்பைத் துலக்குகையில் மயிரிழையளவு உலோகம் தேய்ந்து போவதைப் பற்றி எவரும் கவலை கொள்வதில்லை. ஈராயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமையுடைய சிலையொன்றைத் துலக்கும்போது அந்த மயிரிழைப் பரப்பே விலைமதிப்பற்றதாகிவிடுகிறது. சிற்பியின் உளித்தடமும், அவன் பூசிய வண்ணத்தின் எச்சமும் அப்பரப்பில்தான் உள்ளன. ஒட்டியதைப் பிரிக்கலாம், பூசியதைக் கழுவலாம், சுரண்டியதை மீளச் சேர்க்க இயலாது. ஆகவே கலைப்பொருள் பாதுகாப்புத் துறையில் வல்லுநர் மிகவும் அஞ்சிச் செய்யும் பணி தூய்மைப் பணியாக இருப்பதில் வியப்பில்லை.

இப்பணிக்கு லேசர் ஒளி பயன்படும் திறத்தையும், அவ்வொளியைக் கணிப்பொறியின் பொறுப்பில் விட்டுத் தானே இயங்கச் செய்யும் முயற்சிகளையும், அம்முயற்சிகள் எங்கு வெல்கின்றன, எங்குத் தயங்கி நிற்கின்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. தமிழ்த்துறை மலரில் இயற்பியற் செய்தி எதற்கு என வினவுவார்க்கு ஒன்று கூறுவோம். சுவடிகளை ஒப்புநோக்கி, மூலபாடம் எது, இடைச்செருகல் எது, ஏடெழுதுவோன் கைப்பிழை எது எனப் பிரித்தறிவது நம் துறையினரின் தொழில். கல்லின்மீதும் உலோகத்தின்மீதும் அதே தொழிலைச் செய்வோர் அயல்நாடுகளில் வேறொரு கருவியுடன் அமர்ந்திருக்கின்றனர். அவர்தம் இடர்ப்பாடு நமக்குப் புதியதன்று.

கருவியின் இயல்பு

லேசர் என்பது ஆங்கிலத் தொடர் ஒன்றின் முதலெழுத்துகளால் ஆகிய சொல். தமிழில் சீரொளி என வழங்குவாரும் உளர். அலைகள் ஒத்த சீராய்ச் செல்லும் தன்மையை உணர்த்தும் அழகிய ஆக்கமே அது. எனினும் கண் மருத்துவமனையின் பெயர்ப்பலகை முதல் அச்சுக்கூடம் வரை மக்கள் லேசர் என்றே வழங்குவதால் ஈண்டும் அச்சொல்லையே கொள்கிறோம்.

1960இல் அமெரிக்க இயற்பியலறிஞர் தியோடர் மைமன் செயற்கை மாணிக்கப் படிகத்தைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டினார். லேசர்க் கொள்கைக்கு அடிகோலியவருள் ஒருவரும், பின்னர் 1981இல் நோபல் பரிசு பெற்றவருமாகிய ஆர்தர் ஷாலோ, அதே பத்தாண்டில் அதற்கு வேடிக்கையானதொரு பயனைக் கண்டார். தட்டச்சில் பிழையாக விழுந்த எழுத்தின்மீது லேசர் ஒளியை ஒரு கணம் பாய்ச்சினால் மை ஆவியாகி மறையும், தாள் கருகாது. காரணம் எளிது. கரிய மை ஒளியை விழுங்குகிறது. வெண்தாள் அதனைத் திருப்பி விடுகிறது. விழுங்கியது வெந்து போக, திருப்பியது பிழைத்துக்கொள்கிறது. லேசர் அழிப்பான் எனப்பட்ட அக்கருவி கடைவீதிக்கு வந்து சேரவில்லை. ஆயினும் நாம் இங்கு ஆராயும் கலை முழுவதும் அவ்விளையாட்டுக்குள் அடங்கியிருக்கிறது.

இன்னொரு செய்தியையும் மாணவர்கள் மனங்கொள்ளல் வேண்டும். தூய்மைப் பணிக்குரிய லேசர் பெரும்பாலும் விளக்கொளிபோல் தொடர்ந்து பாய்வதன்று. துடிப்புத் துடிப்பாக வெளிப்படுவது. நியோடிமியம் யாக் எனப்படும் லேசரின் ஒரு துடிப்பு சில நானோநொடிகளே நீடிக்கும். ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோநொடி. அவ்வளவு சிறிய காலத்தில் மேலே படிந்த கறை கொதித்து வெடித்துச் சிதறிவிடுகிறது. வெப்பம் கீழுள்ள கல்லுக்குள் இறங்குமுன் ஒளி அணைந்துவிடுகிறது. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் விளிம்பைத் தொட்டவுடன் விரலை எடுத்துக்கொள்பவர் தப்பிப்பதும், பிடித்துத் தூக்குபவர் புண்படுவதும் இதற்கு ஒருவாறு ஒப்பாகும்.

வெனிசு நகரத்துக் கருங்காறை

1972இல் ஜான் ஆஸ்மஸ் என்னும் அமெரிக்க இயற்பியலறிஞர் இத்தாலி நாட்டு வெனிசு நகருக்குச் சென்றார். அவர் சென்ற நோக்கம் தூய்மைப் பணியன்று. காற்று மாசினால் சிதைந்து வந்த அந்நகரச் சிற்பங்களின் முப்பரிமாணப் படங்களை, ஹோலோகிராம் என்னும் முறையில், லேசர் கொண்டு பதிவு செய்து வைப்பதே அவர் திட்டம். சிலைகள் அழிந்தாலும் நிழலுருவேனும் எஞ்சட்டும் என்பது கருத்து. அங்கு மாணிக்க லேசரைக் கறைபடிந்த சலவைக்கல்மீது குவித்துப் பார்த்தபோது, கரிய படலம் பெயர்ந்து சிதறியது. அடியிலிருந்த வெண்கல் நலமாக இருந்தது. நிழலைப் பிடிக்கக் கொண்டுபோன கருவி உருவையே காக்கும் கருவியாக மாறிய வரலாறு இது.

அக்கரிய படலம் எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்தால்தான் மேற்செல்ல இயலும். நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் எழும் கந்தக வளி, ஈரத்துடன் கூடிச் சலவைக்கல்லைத் தாக்குகிறது. கால்சியம் கார்பனேட்டாகிய கல்லின் மேற்பரப்பு ஜிப்சமாக மாறுகிறது. வளரும் ஜிப்சம் படிகங்கள் காற்றில் மிதக்கும் புகைக்கரியையும் தூசியையும் தம்முள் சிறைப்படுத்திக்கொண்டு கரிய காறையாக இறுகுகின்றன. ஆதலின் இது வெளியிலிருந்து வந்து ஒட்டிய வெறும் புழுதியன்று. கல்லின் ஒரு பகுதியே மாசாக மாறிவிட்டது. எங்கே கல் முடிகிறது, எங்கே கறை தொடங்குகிறது என்னும் வினா இங்கேயே எழுந்துவிடுகிறது.

நல்வாய்ப்பாக, வெண்கல்லும் கருங்காறையும் ஒளியை ஏற்பதில் பெரிதும் மாறுபடுகின்றன. சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு ஜூல் ஆற்றலிலேயே காறை பெயரத் தொடங்குகிறது. சலவைக்கல் சேதமுற அதைப்போல் சில மடங்கு வேண்டும். இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட அளவில் ஒளியைப் பாய்ச்சினால், காறை முழுதும் நீங்கியபின் எத்தனை துடிப்புகள் விழுந்தாலும் கல் அவற்றைத் திருப்பி அனுப்பிவிடும். தானே நின்றுவிடும் தூய்மை என இதனை வல்லுநர் போற்றுகின்றனர். உளிக்கும் மணற்றாளுக்கும் அமிலத்துக்கும் இவ்வியல்பு இல்லை. அவை கறையைத் தின்றபின் கல்லையும் தின்னும்.

ஆயினும் அக்காலக் கருவிகள் பெருத்தவை, விலை மிக்கவை, பணி ஆமை வேகத்தில் நடப்பது. ஆகவே இருபது ஆண்டுகள் வரை இம்முறை ஆய்வுக்கூடத்தைத் தாண்டிப் பெரிதாக வெளிவரவில்லை. 1990களில் பிரான்சு நாட்டு அமியான் பேராலயத்தின் முகப்புச் சிற்பங்கள் லேசரால் தூய்மை செய்யப்பட்டபோது, காறைக்கு அடியில் இடைக்கால வண்ணப்பூச்சின் எச்சங்கள் வெளிப்பட்டன. 1995இல் இத்துறைக்கென்றே ஒரு பன்னாட்டு மாநாடு கிரேக்க நாட்டுக் கிரீட் தீவில் ஹெராக்லியான் நகரில் கூடியது. அந்நகரத்து ஆய்வு நிறுவனத்தின் பெயர் அடுத்து வரும் செய்தியிலும் இடம்பெறுகிறது.

ஒரே சிற்பத் தொடர், இரு வேறு விதி

ஏதென்சு நகரத்து அக்ரோபோலிஸ் குன்றின்மேல் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுந்தது பார்த்தினன் கோயில். அதனைச் சுற்றி ஏறத்தாழ 160 மீட்டர் நீளத்துக்கு ஊர்வலக் காட்சியொன்று சலவைக்கல்லில் செதுக்கப்பட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஜின் பிரபு அதன் பெரும்பகுதியைப் பெயர்த்து எடுத்துச் சென்றார். 1816இல் அவை பிரிட்டிஷ் அரசால் வாங்கப்பட்டு இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தன. மேற்குப் புறத்துத் தொடர் மட்டும் பெரும்பாலும் கோயிலிலேயே தங்கி, ஏதென்சின் புகையையும் மழையையும் ஏற்றது. ஒரே பட்டறையில் பிறந்த கற்கள் இரண்டு நாடுகளில் இரண்டு விதமாகத் தூய்மை கண்டன. இதனினும் தெளிவான ஒப்பீடு இத்துறையில் நமக்குக் கிடைப்பது அரிது.

இலண்டன் நிகழ்ச்சி 1937–38இல் நடந்தது. சிற்பங்களுக்கெனப் புதிய காட்சிக்கூடம் கட்டித்தர முன்வந்த டுவீன் பிரபு, அவை வெள்ளை வெளேரெனத் திகழ வேண்டும் என விரும்பினார். அக்கற்கள் பெந்தெலிக்கான் மலைச் சலவைக்கல். இரும்புச் சத்தினால் நாளடைவில் தேன்நிறம் கொள்வது அதன் இயல்பு. இயல்பான அந்நிறமும் அழுக்கென்றே கொள்ளப்பட்டது. செப்புக் கருவிகளாலும் கார்பரண்டம் என்னும் கடுஞ்சாணைப் பொருளாலும் பணியாளர் சிற்பங்களைச் சுரண்டினர். 1938இல் அருங்காட்சியக மேலிடம் அறிந்து தடுத்து நிறுத்துவதற்குள் பல சிற்பங்களின் பழைய மேற்பரப்பு போய்விட்டது. நெடுங்காலம் பேசப்படாதிருந்த இச்செய்தியை 1998இல் வில்லியம் செயின்ட் கிளேர் தம் நூலின் புதிய பதிப்பில் விரிவாக எழுப்பினார். மறு ஆண்டு அவ்வருங்காட்சியகமே இதுபற்றிக் கருத்தரங்கு கூட்ட நேர்ந்தது.

சுரண்டிய பணியாளரை மட்டும் குறைகூறுதல் நியாயமாகாது என்பது நம் கருத்து. வெண்மையே பழங்கலையின் அழகு என்னும் தவறான கொள்கை ஒன்று அவர்கள் கையில் செப்புக் கருவியைக் கொடுத்தது. பழங்கிரேக்கச் சிலைகள் வண்ணம் தீட்டப்பட்டவை என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி அறியப்பட்ட உண்மை.

இனி ஏதென்சு. மேற்குத் தொடரின் கற்கள் 1993இல் கோயிலிலிருந்து இறக்கப்பட்டன. அவற்றின்மீது கருங்காறை படிந்திருந்தது. காறைக்குக் கீழே, கல்லுக்கு மேலே, மிக மெல்லிய இரண்டு படலங்கள் இருந்தன. ஒன்று வெளிர் மஞ்சள் சார்ந்தது, மற்றொன்று செம்பழுப்பு. தொன்மையான மேற்பரப்பையும் கருவித் தடங்களையும் காத்து நின்றவை இப்படலங்களே. ஆகவே காறை போக வேண்டும், படலம் நிற்க வேண்டும் என்பது கட்டளை. கல் வெண்மையாக இருந்தால் ஒளி தானே நின்றுவிடும் என முன்னர்க் கூறினோம். இங்கே நிற்க வேண்டிய இடம் வெண்கல்லன்று, நிறமுள்ள படலம்.

இடர்ப்பாடு இன்னொன்றும் இருந்தது. 1064 நானோமீட்டர் அலைநீளமுடைய அகச்சிவப்பு ஒளியால் தூய்மை செய்த கற்கள் மஞ்சள் பூத்து நின்றன. பிரான்சிலும் பிற நாடுகளிலும் இம்மஞ்சள் நிறம் பெரும் விவாதத்தை எழுப்பியிருந்தது. அகச்சிவப்பு ஒளி கரித்துகள்களைத் தேடித்தேடி விழுங்கியதேயன்றி, அவற்றைத் தாங்கியிருந்த ஜிப்சத்தை விட்டுவிட்டது. 355 நானோமீட்டர் புறஊதா ஒளியோ ஜிப்சத்தை நீக்கியது. கரித்துகள்களைப் பின்தங்கவிட்டதால் சாம்பல் நிறம் நின்றது. ஹெராக்லியான் ஆய்வு நிறுவனத்தாரும் அக்ரோபோலிஸ் பாதுகாப்புப் பணியினரும் கூடி, இரண்டு ஒளிகளையும் ஒரே நேரத்தில், ஒரே புள்ளியில், தக்க விகிதத்தில் கலந்து பாய்ச்சும் கருவியை உருவாக்கினர். ஒன்று மிகுந்தால் மஞ்சள். மற்றொன்று மிகுந்தால் சாம்பல். விகிதம் அமைந்தால் இயல்பான நிறம். மருந்துக் கலவையில் ஒரு சரக்கின் குற்றத்தை மற்றொரு சரக்கு தணிப்பதாக நம் சித்த மருத்துவர் கூறுவதை இது நினைவூட்டுகிறது.

இம்முறையால் 2000களின் தொடக்கத்தில் மேற்குத் தொடர் தூய்மை பெற்றது. எரெக்தியம் கோயிலின் கூரையைத் தலையில் தாங்கி நின்ற கேரியாடிட் மகளிர் சிலைகள் அறுவருள் ஒருத்தி இலண்டனில் இருக்கிறாள். எஞ்சிய ஐவரும் 1979இல் காற்று மாசுக்கு அஞ்சி இறக்கப்பட்டு, இன்று அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் நிற்கின்றனர். 2010 இறுதியில் அவர்களுக்கான லேசர்ப் பணி தொடங்கியது. சிலைகளை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் செல்லாமல், காட்சிக்கூடத்திலேயே திரையிட்டு மறைத்து, உள்ளே நடப்பதைப் பார்வையாளர் படத்திரையில் காணச் செய்தனர். இலண்டனில் பூட்டிய அறைக்குள் நடந்ததையும் ஏதென்சில் பலரும் காண நடந்ததையும் ஒப்பிட்டு நோக்குக. அங்கு ஒளிக்கற்றையைத் தாங்கியது எந்திரக் கையன்று, மனிதக் கை என்பதையும் குறித்துக்கொள்க.

பொன்னும் வண்ணமும்

உலோகத்துக்கு வேறு கணக்கு. இத்தாலியின் புளோரன்சு நகரில் லொரென்சோ கிபெர்த்தி 1425 முதல் 1452 வரை உழைத்து வார்த்த வெண்கலக் கதவுகள் சொர்க்க வாயில் எனப் பெயர் பெற்றவை. பொன்முலாம் பூசிய பத்துப் பலகைகள் அவற்றில் உள்ளன. 1966இல் ஆர்னோ ஆற்று வெள்ளத்தில் அவை சேதமுற்றன. பொன்னுக்கு அடியில் வெண்கலம் களிம்பேறி, மெல்லிய பொற்படலத்தைக் கீழிருந்து உந்திக்கொண்டிருந்தது. பலகைகளைச் சட்டத்திலிருந்து கழற்றி ரோஷல் உப்புக் கரைசலில் ஊறவைப்பது பழைய முறை. கழற்றும்போதே முறியும் அச்சம் உண்டு. கழற்ற இயலாத பகுதிகளுக்கு, உலோகம் சூடேறாத வண்ணம் துடிப்பின் நீளத்தை அளந்து அமைத்த லேசர் துணைபுரிந்தது. 27 ஆண்டுப் பணிக்குப்பின் 2012இல் கதவுகள் மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தன.

ஓவியத்தின் நிலை இன்னும் நுண்ணியது. ஈயவெள்ளை சில லேசர் ஒளிகளால் கருக்கிறது. சாதிலிங்கம் என்னும் பாதரசச் செந்நிறமும் அவ்வாறே கருமை கொள்கிறது. கல்லில் கருமை போகும். ஓவியத்திலோ அதே ஒளி கருமையை உண்டாக்கும். ஆகவே ஓவியத்தில் லேசர் வண்ணத்தைத் தொடவே கூடாது. அதன்மேல் பூசப்பட்டு, காலத்தால் பழுப்பேறிய வார்னிஷை மட்டும் அடுக்கடுக்காகச் செதுக்க வேண்டும். 248 நானோமீட்டர் புறஊதா ஒளியின் ஒவ்வொரு துடிப்பும் ஒரு மைக்ரானை ஒட்டிய தடிப்பையே நீக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். கீழுள்ள வண்ணத்துக்குக் குடையாக மெல்லிய வார்னிஷ் படலம் ஒன்றை விட்டுவைப்பதே நெறி. இவ்வளவு நுண்ணிய அளவில், இவ்வளவு முறை, கை நடுங்காமல் ஒருவர் செய்ய இயலுமா? இயலாது. தானியங்குமுறை இத்துறைக்குள் காலடி வைத்தது இவ்விடத்தில்தான்.

தானியங்குமுறையின் கண்ணும் செவியும்

ஓவியத்தை நகரும் மேடையில் நிறுத்தி, எப்புள்ளியில் எத்தனை துடிப்பு என்பதைக் கணிப்பொறி ஆளும் அமைப்புகளை நெதர்லாந்து, கிரேக்க ஆய்வாளர்கள் உருவாக்கினர். அத்தகைய கணிப்பொறி நிற்க வேண்டிய இடத்தை எவ்வாறு அறியும்? லேசர் துடிப்பு விழும்போது சிறு பொறி ஒன்று எழுகிறது. அப்பொறியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், அதில் எரிந்த தனிமங்கள் தம்மைக் காட்டிக்கொடுக்கின்றன. சலவைக்கல்லின் கருங்காறை எரியும்போது இரும்பு, சிலிக்கன், அலுமினியம் ஆகியவற்றின் கோடுகள் தோன்றும். அவை மங்கிக் கால்சியக் கோடுகள் மட்டும் நின்றால் கல் வந்துவிட்டது எனப் பொருள். ஓவியத்தில் ஈயம் தலைகாட்டினால் வண்ணத்தை அணுகிவிட்டோம் எனக் கணிப்பொறி ஒளியை நிறுத்திவிடும். ஒவ்வொரு துடிப்புக்கும் கேள்வி ஒன்று, விடை ஒன்று. எந்த மனிதனும் இவ்வளவு பொறுமையுடன் வினவமாட்டான்.

செவியும் உண்டு. காறை சிதறும்போது சிறு வெடிப்பொலி எழும். கல் வெளிப்பட்டபின் ஒலி தணியும். அனுபவமிக்க வல்லுநர் கண்ணால் காண்பதற்கு முன்பே காதால் அறிவர். ஹெராக்லியான் ஆய்வாளர்கள் அண்மை ஆண்டுகளில் இவ்வொலியையே நுண்கருவியால் அளந்து, தூய்மை எந்நிலையில் உள்ளது எனக் கணிக்கும் முறையை வகுத்து வருகின்றனர். தட்டிப் பார்த்துப் பானையின் பதம் அறியும் குயவரின் செவி எந்திரத்துக்கு வாய்க்கிறது எனலாம்.

தொழிற்சாலைகளில் இக்கலை முற்றிலும் எந்திரத்தின் கைக்குப் போய்விட்டது. டயர் வார்க்கும் அச்சுகளை லேசர் துலக்குகிறது. விமானத்தின் பழைய வண்ணப்பூச்சை எந்திரக் கை ஏந்திய லேசர் உரிக்கிறது. அங்கு வெற்றி எளிது. விமான இறக்கையில் பூச்சு முழுதும் போக வேண்டும். அதனடியில் இருக்கும் உலோகம் எங்கும் ஒன்றே. போகும் பூச்சுக்காக வருந்துவார் எவருமிலர்.

கலைப்பொருளில் அடிக்கு அடி நிலை மாறும். அதற்கும் எந்திரத்தைப் பழக்கிவிடலாம் என்பர். பழக்கலாம், ஐயமில்லை. ஆனால் நம் நோக்கில் உண்மையான தடை வேறொன்று. அதனை உரோம நகரத்து எடுத்துக்காட்டு ஒன்று நன்கு விளக்கும்.

உரோமில் தொமித்தில்லா என்னும் நிலத்தடிக் கல்லறைச் சுரங்கம் உள்ளது. பழங்கிறித்தவர் காலத்துக் கூரை ஓவியங்கள் சில அங்கு நூற்றாண்டுகளாக விளக்குப் புகையாலும் பாசியாலும் சுண்ணப் படிவாலும் மூடுண்டு கிடந்தன. ஏழாண்டுக் காலம் வெவ்வேறு அலைநீள லேசர்களைக் கொண்டு உழைத்து, 2017இல் அவ்வறைகளை வெளிப்படுத்தினர். கருமை நீங்கியபோது கூலம் கொணர்ந்த மரக்கலங்களும் அப்பத் தொழிலாளரும் கூரையில் தோன்றினர். உடன் இன்னொன்றும் தோன்றியது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இச்சுரங்கங்களை ஆராய்ந்த அந்தோனியோ போசியோ, தம் பெயரைக் கரியால் ஓவியத்தின்மீதே கிறுக்கி வைத்திருந்தார். தூய்மை செய்தோர் அதனை அழிக்கவில்லை.

இங்கே எந்திரத்திடம் கேட்போம். விளக்குப் புகையும் கரி. போசியோ எழுதியதும் கரி. இரண்டும் ஒளியை ஒரே விதமாக விழுங்கும், நிறமாலையில் இரண்டும் கார்பன் என்றே கூறும், ஒலியும் வேறுபடாது. ஒன்று மாசு, மற்றொன்று ஆவணம் என்னும் செய்தி அக்கரியில் எழுதப்படவில்லை. வரலாறு கற்றவர் நெஞ்சில் மட்டுமே அது உண்டு. ஏன், போசியோவின் கிறுக்கலை அவர் காலத்தில் ஒருவர் கண்டிருந்தால் ஓவியத்தைக் கெடுத்த பாழ்வேலை என்றே கழுவியிருப்பார். நானூறு ஆண்டுகள் கடந்தபின் அது காப்பதற்குரியதாயிற்று. கறை எது என்னும் வினாவுக்குப் பொருளின் தன்மையில் மட்டும் விடை இல்லை. வினவுவோரின் காலத்திலும் கல்வியிலும் பாதி விடை இருக்கிறது. டுவீன் பிரபுவின் கையில் இன்றைய தானியங்கு லேசர் கிடைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என எண்ணிப் பார்க்கலாம். தேன்நிறப் படலத்தை நீக்குக என அவர் கட்டளையிட்டிருப்பார். எந்திரமும் ஒரு கீறலின்றி, மைக்ரான் கணக்கில், அப்படலத்தை முழுதும் நீக்கித் தந்திருக்கும்.

இதனால் தானியங்குமுறையை நாம் தள்ளுகிறோம் என்பதன்று. அளக்கும் வேலையை எந்திரம் நம்மினும் நன்றாகச் செய்கிறது. அதனிடமே விடுதல் தகும். எதுவரை என்னும் எல்லைக்கோட்டை வரைவோர் யார், அவர் என்ன கற்றிருக்கிறார் என்பதே கேள்வி.

நம் கருங்கல்

நம் நாட்டுக்கு இக்கருவி பொருந்துமா என மாணவர் வினவக்கூடும். வட இந்தியச் சலவைக்கல் கட்டடமாகிய தாஜ்மகாலுக்கு 1994 முதல் பலமுறை முல்தானி மண்ணைக் குழைத்துப் பூசிக் காயவைத்துக் கழுவும் முறையைத் தொல்லியல் துறையினர் கையாண்டுள்ளனர். மெதுவான முறைதான்; ஆனால் பரந்த வெண்சுவர்களுக்கு ஏற்றது. தமிழகத்துக் கற்கள் பெரும்பாலும் கருங்கல் வகையின. சலவைக்கல்லுக்கு வாய்த்த தானே நிற்கும் இயல்பு கருங்கல்லுக்கு இல்லை. அதில் வெண்கனிமமும் உண்டு, காக்காப்பொன் வகையைச் சேர்ந்த பயோட்டைட் என்னும் கரிய கனிமமும் உண்டு. ஸ்பெயினின் வடமேற்குப் பகுதிக் கட்டடங்களும் இத்தகைய கல்லால் ஆனவை. அங்குள்ள ஆய்வாளர்கள் லேசரைச் செலுத்திப் பார்த்தபோது, கறை நீங்கும் அதே அளவில் பயோட்டைட் உருகத் தொடங்குவதைக் கண்டனர். ஆதலின் வெனிசில் வென்ற கருவியை அப்படியே கொணர்ந்து நம் தூண்களில் செலுத்துதல் கூடாது. ஓலைச்சுவடிக்கும் அவ்வாறே. எழுத்தாணி கீறிய வரிக்குள் நாம் பூசியிருப்பது விளக்குக்கரி. கரியைத் தேடித் தின்னும் ஒளி, முதலில் தின்பது எழுத்தையே.

லேசர் வருமுன்பே நம்மிடம் ஒரு கொடுமை நடந்துவிட்டது. திருப்பணி என்னும் பெயரால், அழுத்தக் காற்றில் மணலை வீசிச் சுவர்களைத் துலக்கும் முறை பல கோயில்களில் கையாளப்பட்டது. எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் போயின. அவற்றோடு கல்வெட்டு எழுத்துகளின் விளிம்பும் மழுங்கிப் போயிற்று. கல்வெட்டறிஞர் எழுப்பிய எதிர்ப்புக்குப் பின்னரே அம்முறைக்குத் தடை வந்தது. தடைக்கு முன் தேய்ந்த வரிகளை இனி எவரும் படிக்க இயலாது. கோயில் மட்டுமன்று, காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் பழைய பள்ளிவாசல்களும் கல்லால் எழுந்தவையே. அத்தகைய கட்டடங்களைப் புதுக்கும்போது தூணைச் சாணையிடுவதா, வண்ணம் பூசுவதா என முடிவு செய்யும் பெரியோர் பலர் இம்மலரைப் படிப்பர் என்பதால் இதனை எழுதுகிறோம்.

துலக்கும் முன் மைப்படி ஒன்று எடுத்து வைத்தல் வேண்டும். கல்லை நீர்விட்டுக் கழுவி, நனைத்த தாளை எழுத்தின்மேல் படியவைத்து, தூரிகையால் குழிகளுக்குள் இறங்குமாறு தட்டி, ஈரம் சற்றுக் குறைந்தபின் மையை ஒற்றி எடுத்தால் எழுத்து வெண்மையாகவும் சுற்றிடம் கருமையாகவும் தாளில் வந்துவிடும். இதற்கு லேசரும் வேண்டா, கணிப்பொறியும் வேண்டா. கல்வெட்டியல் பயின்ற மாணவர் இருவர் போதும்; ஒரு தூணின் எழுத்தை ஒரு பிற்பகலில் முடித்துவிடுவர்.